காத்தண்ணனும் நாலு கம்பெனி டயரும்

தேனி ஜில்லாவில் இருக்கிற வேகத்தடைகளுக்கெல்லாம் பெயர் வைத்துக் கூப்பிட்ட ஒரே மனிதர் காத்தண்ணன்தான். இதை மறுக்கிறவர்கள் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம். போடியிலிருந்து சின்னமனூர் போகிற வழியில் ஒரு முன்னாள் கவுன்சிலர் வீட்டு வாசலில் காரணமே இல்லாமல் ஒரு மேடு உண்டு. அதற்கு 'கவுன்சிலர்' என்று பெயர். யாருக்கும் பிரயோசனமில்லை, ஆனால் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பார். இன்னொன்று புளியமரத்து நிழலில் வெள்ளைக்கோடு அழிந்து பதுங்கிக் கிடக்கும். அதன் பெயர் 'சி.ஐ.டி.', இடித்த பிறகுதான் இருப்பதே தெரியும்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. எனக்கு ஞாபகமில்லை, அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா குத்தியிருக்கிற இடத்தில் அவர் டயருக்குக் காற்று பார்க்கிற கேஜைக் குத்தியிருப்பார். காலையில் எதிரே வருகிறவரிடம் ஊரார் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பார்கள். இவர் "காத்து பாத்தாச்சா" என்று கேட்பார். சைக்கிளில் போகிறவரையும் நிறுத்திக் கேட்பார். டயரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்க்காமல் விடமாட்டார். அப்புறம் ஊர் எப்படிக் கூப்பிடும்? காத்தண்ணன்தான்.

நான் அப்போது போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் சாம்பிள் பிரிக்கிற வேலை பார்த்தேன். ஏலக்காயைச் சல்லடையில் போட்டு ஆட்டினால் எட்டு மில்லிமீட்டர் ஓட்டையில் விழாமல் நிற்கிற காய் முதல் தரம், ஏழில் நிற்பது அடுத்தது, மிச்சமெல்லாம் டீக்கடைக்கு. பன்னிரண்டு வருஷம் இதே வேலை. காயைக் கையில் எடுத்ததும் மில்லிமீட்டர் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. காத்தண்ணன் எங்கள் முதலாளியின் டிரைவர். என்னை அவர் 'சாம்பிள் தம்பி' என்பார். இருபத்திரண்டு வருஷமாக முதலாளியை ஜீப்பில் வைத்துப் போடிமெட்டு வழியாகப் பூப்பாறைத் தோட்டத்துக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பதினேழு கொண்டை ஊசி வளைவு. மலை ஏறாத நாளில் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது.

வினை சென்னையிலிருந்து வந்தது. முதலாளியின் மகன், நாங்கள் சின்ன முதலாளி என்போம், அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் அப்பாவுக்கு ஒரு கார் வாங்கி அனுப்பினார், தானும் கூடவே வந்து இறங்கினார். சாதா கார் இல்லை, ஹைபிரிட். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. கம்பம் பள்ளத்தாக்கில் அதுவரைக்கும் ஹைபிரிட் என்றால் தக்காளிதான். காரைச் சுற்றி நின்று பார்த்த, தக்காளி போடுகிற சம்சாரி ஒருவர், விதை எங்கே கிடைக்கும் என்று நிஜமாகவே விசாரித்தார். காத்தண்ணன் காரைப் பார்க்கவில்லை, குனிந்து டயரைப் பார்த்தார். ஹைபிரிட் தக்காளி பார்க்க மினுமினுப்பாக இருக்கும், ரெண்டாம் நாள் அழுகிவிடும், இதுவும் அந்த ஜாதிதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

காரோடு ஒரு நிபந்தனையும் வந்தது. புது வண்டிக்குப் புது டிரைவர். காத்தண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு, போதும், வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்றார் சின்ன முதலாளி. பெரிய முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்தண்ணன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும் தெம்பு அவருக்கு இல்லை.

அந்த நேரம் பார்த்து, வண்டியைக் கொண்டுவந்த மதுரை ஷோரூம்காரரிடம் முதலாளி பேச்சை மாற்றுவதற்காக ஒரு கேள்வி கேட்டார். கம்பெனியிலிருந்து வந்த இந்த டயர் எவ்வளவு ஓடும்? அவர் விவரமாகச் சொன்னார். பேட்டரி இருப்பதால் இந்த வண்டிக்கு எடை கூடுதல். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக டயரையும் லேசாகச் செய்திருக்கிறார்கள். சமதளத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் வரலாம். உங்கள் மலை ரோட்டில் முப்பதைத் தாண்டாது. அதுவும் ஓட்டுகிறவரைப் பொறுத்தது.

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வாசலில் நின்ற காத்தண்ணன் உள்ளே வந்தார். "அம்பதாயிரம் நான் ஓட்டுறேன்" என்றார்.

சின்ன முதலாளி சிரித்துவிட்டார். "அண்ணே, அம்பதாயிரம் ஓட்டிட்டீங்கன்னா, அப்புறம் நீங்களா நிறுத்துற வரைக்கும் நீங்கதான் டிரைவர். நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி டயர் மாத்துற மாதிரி ஆச்சுன்னா, அன்னிக்கே சாவியைக் குடுத்துரணும். டயர்ல பள்ளம் ரெண்டு மில்லிமீட்டருக்குக் கீழ போனா மாத்தியாகணும். சரியா?"

"சரி" என்றார் காத்தண்ணன். அளப்பது யார் என்ற பேச்சு வந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மில்லிமீட்டர் திமிர் பிடித்தவனுக்கு இதெல்லாம் தேவைதான்.

டயர்ப் பள்ளம் அளக்கிற சின்ன ஸ்கேல் ஒன்று சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் அளந்து சின்ன முதலாளிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பவேண்டும். முதல் தடவை அளந்தேன். நாலு டயரிலும் ஒரே அளவு. "ஏழரை" என்றேன்.

காத்தண்ணன் முகம் செத்துவிட்டது. "மொத அளவே ஏழரையா? தம்பி, நல்லாப் பாருங்க." நான் மறுபடி பார்த்தேன். ஏழரைதான். ஏழு புள்ளி நாலு என்று எழுதக்கூடாதா என்று கேட்டார். அது உங்களுக்குத்தானே நஷ்டம் என்றேன். பரவாயில்லை, பூஜ்யம் புள்ளி ஒன்றை நான் ஓட்டிச் சரிக்கட்டிக்கொள்கிறேன், ஏழரை மட்டும் வேண்டாம் என்றார். நான் மசியவில்லை. அப்போதெல்லாம் நான் மகா நேர்மையானவன்.

அடுத்த சனிக்கிழமையே வண்டி குச்சனூருக்கு விடப்பட்டது. முதலாளிக்கும் சனீஸ்வரனிடம் ஏதோ வேண்டுதல் இருந்ததால் அவரும் வந்தார், என்னையும் இழுத்துக்கொண்டார்கள். ஆடி மாதம் இல்லாவிட்டாலும் கூட்டம் நெரித்தது. எள் தீபக் கடைகளுக்கு நடுவே வண்டி நின்று நின்று ஊர்ந்தது. இந்தக் கார் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும், சத்தமே இருக்காது. பக்கத்தில் போன பக்தர்கள் இதைக் கவனித்தார்கள். "பாவம், புது வண்டி, நின்னு போச்சு போல" என்று நாலு பேர் பின்னால் கை வைத்தார்கள். நாலு நாற்பது ஆனது. சனிக்கிழமை, புண்ணியம் தேடி வந்த இடம், ஒரு வண்டி தள்ளினால் ஆகாதா? கார் கோயில் வாசல் வரை ராஜ மரியாதையோடு போனது. முதலாளி பின்சீட்டில் கூனிக் குறுகி, என்னய்யா இது, வண்டி நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்லு என்றார். காத்தண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார், "பேசாம இருங்க மொதலாளி. தள்ளுற வண்டிக்கு டயர் அவ்வளவா தேயாது."

இது நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சொன்னால் நம்பத் தோன்றும், அதுதான் விஷயம்.

அதிலிருந்து அவருடைய ராஜ்ஜியம் ஆரம்பமானது. நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் தரையில் தேய்ந்து உரசும் என்பது அவர் கட்சி. அதனால் திருப்பாமல் நேராக வெளியே வரக்கூடிய இடத்தில் மட்டும்தான் நிறுத்துவார். போடித் தெருக்களில் அப்படி ஒரு இடம் கண்டுபிடிப்பது லேசில்லை. சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மண்டப வாசலில் இடம் இருந்தும் நிறுத்தவில்லை. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு அரிசி ஆலை மைதானத்தில் விட்டார். முதலாளி பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் நடந்து வந்தார். நீ டிரைவரா, நான் டிரைவரா என்று திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் திரும்பும்போதும் அதே தூரம் நடந்தார். அவரும் கொஞ்சம் கொஞ்சமாக இந்த ஆட்டத்துக்குள் விழுந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிரேக்கும் போடமாட்டார். இந்தக் காரில் பிரேக் போட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் என்று புத்தகத்தில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். "சார்ஜ் ஏறும், டயர் எறங்கும்ல? அத எழுதியிருக்கானா?" என்று கேட்டார். எழுதவில்லை. அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே காலை எடுத்துவிட்டு, வண்டி தானாக வேகம் குறைந்து நிற்கும்படி ஓட்டுவார். எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்காரர்கள் எங்கள் ஏழு தலைமுறையையும் ஹாரனாலேயே விசாரித்துவிட்டுப் போவார்கள். அவருக்கு அது காதில் விழாது.

சாயங்காலமானால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் சம்மணம் போட்டு, டயர்ப் பள்ளத்தில் சிக்கிய சின்னச் சின்னக் கல்லை ஊக்கால் குத்தி எடுப்பார். ஒருநாள் நான் போயிருந்தபோது அவர் மனைவி என்னிடம் முறையிட்டார். "போன மாசம் என் கால்ல முள்ளு ஏறி நொண்டி நொண்டி நடந்தேன். ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. டயர்ல கல்லு ஏறுனா மட்டும் கண்ணாடி போட்டுப் பாக்காக." காத்தண்ணன் தலை நிமிராமல், உனக்கு வேற கால் இருக்குல்ல என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குப் போனார். அந்த அம்மா சிரித்ததைத்தான் நான் பார்த்தேன். ஆனால் என்னை வழியனுப்ப வந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார், "எப்பிடியாவது அம்பதாயிரம் ஓடிரணும் தம்பி. வண்டிய விட்டுட்டா அவுக மனசு விட்டுரும்." அன்றைக்குத்தான் இது வீம்பு விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

இதற்கிடையில்தான் சம்பந்தி விவகாரம். சின்ன முதலாளியின் மாமனார் மதுரையிலிருந்து தோட்டம் பார்க்க வந்திருந்தார். கனமான மனிதர். அந்தஸ்திலும் சரி, தராசிலும் சரி. மண்டியில் ஏலக்காய் மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசு ஒன்று வாசலிலேயே இருக்கும். காத்தண்ணன் அவரைக் கைகூப்பி வரவேற்று, "ஒரு நிமிசம் இதுல ஏறி நில்லுங்க" என்றார். அவர் ஏதோ மலைநாட்டு மரியாதை என்று நினைத்து ஏறிவிட்டார். நூற்றுப் பதினெட்டு கிலோ. பிறகு முதலாளியை ஏற்றினார், அறுபத்திரண்டு. என்னை ஏற்றவில்லை. என்னைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும்.

கணக்குப் போட்டுச் சம்பந்தியை இடது பக்கம் உட்கார வைத்தார். போகட்டும். போடிமெட்டு உச்சியில் செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "ஏறும்போது இந்தப் பக்கம் இருந்தீக, எறங்கும்போது அந்தப் பக்கம் மாறி உக்காருங்க. ஒரே டயரு எம்புட்டுத்தான் தாங்கும்?" என்றார். சம்பந்தியின் முகம் நாமக்கட்டி மாதிரி வெளுத்தது. அவர் வாழ்நாளில் யாரும் அவரை மூட்டையாகப் பாவித்ததில்லை. செக்போஸ்ட்டில் நின்ற மலையாளி போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி பற்களைக் கடித்தார். கடைசியில் சம்பந்தி இறங்கினார், சுற்றி வந்தார், வலது பக்கம் ஏறினார். கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து போன் வந்து மண்டியே கொதித்தது. மாமனாரைத் தராசில் நிறுத்திய டிரைவரை உடனே அனுப்புங்கள் என்று சின்ன முதலாளி கத்தினார். பெரிய முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "முப்பத்தோராயிரம் ஓடிருச்சு. டயர் இன்னும் பாதி இருக்கு. பேசுனது பேசுனபடி இருக்கட்டும்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, ஷோரூம்காரன் முப்பதுதான்னு சொன்னான்ல என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அதற்குப் பிறகு ஊரே இதில் சேர்ந்துகொண்டது. ஏலக்காய் ஏலம் நடக்கிற நாட்களில் வியாபாரிகள் விலையை விசாரிக்கும் முன் கிலோமீட்டரை விசாரித்தார்கள். முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்திரண்டு. சின்ன முதலாளியே சனிக்கிழமை போனில் கொஞ்சம் ஆவலோடுதான் கேட்டார். காத்தண்ணன் மட்டும் யாரோடும் கொண்டாடவில்லை. முதல் சனிக்கிழமை வந்தால் நான் ஸ்கேலோடு குனிந்திருக்க, ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்கு நிற்கிறவரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். காலையில் அளக்க விடமாட்டார், ராத்திரிக் குளிரில் டயர் சுருங்கியிருக்கும், வெயில் ஏறட்டும் என்பார். வெயிலில் அளந்தாலும் அதே அளவுதான் வரும். ஆனாலும் மத்தியானம் வரை காத்திருப்பேன்.

இரண்டாயிரத்துப் பத்து ஏப்ரலில் நாற்பத்தாறாயிரம். ஸ்கேலை வைத்தேன். இரண்டு டயரில் இரண்டு புள்ளி ஒன்று. மற்ற இரண்டில் ஒன்று புள்ளி ஒன்பது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை என்று கேட்கவும் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஏழு எம்.எம். காயை எட்டு என்று எழுதாத கை, எனக்குத் தெரியாமலேயே 'இரண்டு புள்ளி நாலு' என்று எழுதி சென்னைக்கு அனுப்பிவிட்டது.

"ரெண்டு புள்ளி நாலு அண்ணே" என்றேன். "சரி" என்றார்.

மே மாதமும் அதே பொய். கொஞ்சம் நம்பும்படி இருக்கட்டும் என்று இரண்டு புள்ளி மூன்றாக்கினேன். ஒரு நல்ல மனிதனின் வேலையைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. இன்னும் ஒன்றரை மாதம், அவ்வளவுதான், ஐம்பதாயிரம் வந்துவிடும், அன்றைக்கே டயரை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இது எவ்வளவு பெரிய மடத்தனம், தேய்ந்த டயர் ஈரத்தில் எப்படி வழுக்கும் என்பது வெயில் காலத்தில் தெரியாது.

ஜூன் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. போடிமெட்டு முழுக்க மேகம். அந்த வாரம் சின்ன முதலாளி மனைவியோடும் எட்டு மாதக் கைக்குழந்தையோடும் வந்திறங்கினார். குழந்தைக்கு இதுதான் முதல் தடவை. தோட்டத்தைக் காட்டவேண்டும், மறுநாள் காலை கிளம்பலாம் என்று முடிவானது. அன்று கிலோமீட்டர் மீட்டரில் நாற்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று எண்பத்தாறு. ஐம்பதாயிரத்துக்கு இன்னும் இருநூற்றுப் பதினாலு. தோட்டத்துக்கு மூன்று நடை போய்வந்தால் தீர்ந்தது. பெரிய முதலாளி, ஐம்பதாயிரம் தொடுகிற அன்றைக்கு மண்டியில் எல்லோருக்கும் மைசூர்பாகு என்று அறிவித்துவிட்டார்.

காலை எட்டு மணி. தூறல். எல்லோரும் வாசலில் தயார். குழந்தை தாயின் தோளில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. காத்தண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயருக்கும் குனிந்து உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு மண்டிக்குள் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"அந்த ஸ்கேலக் குடுங்க தம்பி."

கொடுத்தேன். அவரே போய் முன் டயரில் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியாது. ஸ்கேலை அப்படியே நீட்டி, எத்தனை என்று என்னைக் கேட்டார். நான் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"எத்தன தம்பி?"

"ஒண்ணு புள்ளி ஏழு."

சின்ன முதலாளி திடுக்கிட்டார். போன மாதம் இரண்டு புள்ளி மூன்று என்று அனுப்பினாயே என்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். காத்தண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"அவர ஒண்ணும் சொல்லாதீக. ரெண்டு மாசமா எனக்குந் தெரியும். கைய வச்சா எனக்குத் தெரியாதா? அவரு எழுதுனார், நான் நம்புன மாதிரி இருந்துக்கிட்டேன். வெயில்லதான ஓட்டுறோம்னு மனச ஏமாத்திக்கிட்டேன். அது தப்பு. மொதலாளியயும் இவரயும் வச்சு அந்த டயர்ல மல ஏறுனேன், அதுக்கு என்னய என்ன வேணாலும் சொல்லுங்க. இன்னிக்கு மழ. பச்சப்புள்ள இருக்கு. இந்த டயர்ல நான் ஏத்த மாட்டேன்."

பெரிய முதலாளி முன்னால் வந்து, இன்னும் மூணு நடைதானய்யா, குழந்தையை விட்டுட்டு நீயும் நானும் நாளைக்கு வெயில் அடிக்கும்போது போயிட்டு வருவோம், ஐம்பதாயிரத்தை முடிச்சிரலாம் என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. என் பன்னிரண்டு வருஷத்தில் முதலாளி டிரைவரிடம் கெஞ்சி நான் கேட்டது அன்றுதான்.

"ரெண்டுக்குக் கீழ போனா மாத்தணும்னு பேச்சு மொதலாளி. போயி ரெண்டு மாசமாச்சு" என்றார் காத்தண்ணன். சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

டயர்க் கடையில் நாலு புது டயர் இறக்கினார்கள். ஒவ்வொரு நட்டையும் கடைக்காரர் முறுக்கிய பிறகு காத்தண்ணன் தானும் ஒருமுறை முறுக்கிப் பார்த்தார். கழற்றிப் போட்ட பழைய டயர்களைச் சுற்றிக் கடையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். போடி முழுக்கப் பேசிய டயர் அல்லவா? வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துப் போங்கள் அண்ணே, ஞாபகமாக இருக்கட்டும் என்றார் கடைக்காரர். காத்தண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரப்பருதான, கெடக்கட்டும்" என்றார். ஒன்றரை வருஷம் அதன் ஒவ்வொரு கல்லையும் ஊக்கால் எடுத்தவர் சொன்ன வார்த்தை அது.

பதினோரு மணிக்கு மலை ஏறினோம். முன்சீட்டில் நான். பின்னால் முதலாளி, சின்ன முதலாளி, மடியில் குழந்தையோடு அவர் மனைவி. ஐந்தாவது வளைவு தாண்டியதும் பத்தடிக்கு முன்னால் ஒன்றும் தெரியாத மேகம். பாறையிலிருந்து தண்ணீர் ரோட்டில் குறுக்கே ஓடியது. ஒன்பதாவது வளைவில், எதிரே இறங்கி வந்த லாரி வழுக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. காத்தண்ணன் பிரேக்கை மிதித்தார். அவர் அந்த வண்டியில் அப்படி மிதித்து நான் பார்த்ததே இல்லை. புது டயர் ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நின்றது. லாரி எங்களுக்கு ஒரு முழம் தள்ளிப் பாறையில் உரசி நின்றது. குழந்தை விழிக்கவே இல்லை. சின்ன முதலாளி மட்டும் முன்சீட்டின் முதுகைப் பிடித்த கையை மெட்டு வரும்வரை எடுக்கவில்லை.

சாயங்காலம் மண்டிக்குத் திரும்பியதும் காத்தண்ணன் வண்டியைத் துடைத்தார், காற்று பார்த்தார், சாவியைக் கொண்டுவந்து சின்ன முதலாளியிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"அண்ணே, நான் சொன்னதெல்லாம் விட்டுருங்க. நீங்களே ஓட்டுங்க. உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் என் பிள்ளையை ஏத்தி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை."

நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே, வீம்பு பண்ணாதீர்கள் என்று மனசுக்குள் கத்தினேன். ஆனால் அந்த ஆளைப் பற்றித் தெரியாதா?

"அம்பதாயிரம் ஓடலயே தம்பி" என்றார். "ஓடியிருந்துச்சுன்னா உங்ககிட்ட சட்டமா நின்னு கேட்டிருப்பேன்ல. அப்ப ஓடாததுக்கு நானாத்தான குடுக்கணும்? நீங்க சொன்னதே போதும். எனக்கு மனசு நெறஞ்சு போச்சு."

சாவியை மேஜையில் வைத்தார். பெரிய முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார், கண்ணைத் துடைப்பதை நாங்கள் பார்க்கக்கூடாதாம். காத்தண்ணன் என் மேஜைப் பக்கம் வந்தார். பொய் எழுதியதற்குத் திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இனிமே யாருக்காகவும் அளவ மாத்தாதீக தம்பி என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பிறகு அவர் ஜெயமங்கலத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். மண்டியில் அந்த வண்டிக்கு இரண்டு மூன்று டிரைவர்கள் மாறினார்கள். நல்ல பிள்ளைகள்தான், நன்றாகவே ஓட்டினார்கள். நானும் வேலை மாறி, ஊர் மாறி, யார் யாரோ என்னை மலை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஜூன் மாத மழையில், லாரி பாறையில் உரசி நின்ற பதினைந்தாவது நிமிஷம், பத்தடிக்கு முன்னால் ஒன்றும் தெரியாத அந்த ரோட்டில், நான் முன்சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். காத்தண்ணனுக்குப் பிறகு மலைப்பாதையில் நான் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை.